ஃப்ராய்டை மேடையேற்றப் போகிறீர்களா? நாங்கள் சறுக்கிய இடங்கள்

உளப்பகுப்பாய்வு என்ற மனச் சிகிச்சையைத் தொடங்கிய வியன்னா மருத்துவர் ஃப்ராய்டின் நோயாளிகளைப் பற்றி நண்பர்கள் சேர்ந்து பத்துப் பாட்டில் ஒரு ஆல்பம் போட்டிருந்தோம். அதை நாடகமாக்க, திருப்பூரில் ஒரு பனியன் குடோனில் ஞாயிறுதோறும் ஒத்திகை. புதுமை ஒன்றும் இல்லை; இசையமைப்பாளர் எரிக் உல்ஃப்சன் ஃப்ராய்டைப் பற்றிச் செய்த 'ஃப்ராய்டியானா' 1990-இல் ஆல்பமாக வந்து, அதே ஆண்டு வியன்னாவில் மேடையும் ஏறியது. அடுத்தவர் ஆல்பம் என்றால் முதலில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, மற்றதெல்லாம் இருந்தது.

பெரிய தவறு, பாட்டுகளை ஆல்பத்தின் வரிசையிலேயே வைத்தது. ஒரு வேகப்பாட்டு, ஒரு மெலடி என்பது காதுக்குச் சரி; மேடையில் கதை நகர வேண்டும். டோராவை எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதுப் பெண். ஃப்ராய்டு சொன்ன விளக்கம் பிடிக்காமல், பதினோரு வாரத்தில் சிகிச்சையை விட்டுப் போய்விட்டாள். எங்கள் மூன்றாவது பாட்டில் அவள் அழுதுகொண்டே இருந்தாள், போகவே இல்லை. ஒத்திகை பார்க்க வந்த உடுக்கைப் பாட்டுக்காரர் ஒருவர், "பாட்டு நல்லாத்தான் இருக்குது கண்ணு, அந்தப் புள்ளைக்கு என்னதான் வேணுமாம்?" என்றார். கொங்கு நாட்டுக் கதைப்பாட்டான அண்ணன்மார் கதையில் எல்லார் பேச்சையும் தானே பாடுகிறவர். யார் எதற்கு அழுகிறார்கள் என்பதில் அங்கே குழப்பமே வராது. அப்புறம்தான் பாட்டை இரண்டாக வெட்டினோம். ஃப்ராய்டு விளக்குவது முன்பாதி, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவது பின்பாதி.

கலைச்சொற்களைப் பல்லவியில் வைக்காதீர்கள். ஃப்ராய்டுக்கு 'ஈகோ' என்றால் மனதில் 'நான்' என்கிற பகுதி; நம்மூரில் 'ஈகோ' என்றால் திமிர். "என் ஈகோ எங்கே?" என்று நாயகன் உருகிப் பாட, குடோனே சிரித்தது.

அடுத்தது சோபா. நோயாளி படுத்திருப்பார், ஃப்ராய்டு தலைமாட்டில் கண்ணில் படாமல் உட்கார்ந்திருப்பார். உண்மை அதுதான். ஆனால் சமதளமான கல்யாண மண்டபத்தில் மூன்றாம் வரிசைக்காரருக்குத் தெரிவது இரண்டு உள்ளங்கால் மட்டுமே. படுத்தபடி உச்சஸ்தாயிக்குப் போகப் பாடகர் படும் பாடு தனி. பேச்சைப் படுத்துச் சொல்லட்டும், பாட்டு வந்ததும் எழுந்து நடக்கட்டும். நினைவுக்குள் போய்விட்டார் என்பது யாரும் சொல்லாமலே புரியும்.

குதிரையைக் கண்டு பயந்த ஐந்து வயது ஹான்ஸுக்காகப் பொய்க்கால் குதிரை கொண்டுவந்தோம். விசில் பறந்தது, பயம் போய்விட்டது. இப்போது குளம்புச் சத்தம் மட்டும்.

கடைசியாக, ஆல்பத்தில் பாட்டுகள் மெல்லத் தேய்ந்து மறையும். மேடையில் அப்படித் தேய்ந்தபோது, கைதட்ட எழுந்த கைகள் பாதியில் நின்றன. இப்போது ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் பெரியவரின் உடுக்கையில் ஒரே ஒரு அடி.