மழை வரட்டும் பார்க்கலாம் என்று படகில் இருக்காதீர்கள்

ஏற்காட்டில் கூட்டம் நிரம்பி வழிவது மே மாதம். கத்திரி வெயிலுக்குப் பயந்து சேலத்திலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் மலை ஏறுகிறார்கள். கோடை விழாவும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான். கோடை இடிமழையும் அப்போதுதான், அதுவும் பிற்பகலுக்கு மேல். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் படகு இல்லத்தில் வரிசையில் நிற்கிற நேரமும் அதுவே. கீழே மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடித் துறையிலிருந்து நாகமரைக்குக் கடப்பவர்களுக்கும், பரிசலில் போய் வலை போடுகிறவர்களுக்கும் இதே மாலைதான் மோசமான நேரம். செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு சுற்று இடிமழை உண்டு.

மழையை வைத்து நேரம் கணிப்பது

மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. "தூறல் போட்டதும் திரும்பிடலாம்" என்று உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் படகைக் கவிழ்ப்பது மழை இல்லை, மழைக்கு முன்னால் வரும் காற்று. இடிமேகத்துக்குள் பெய்யும் மழை சுற்றியிருக்கும் காற்றைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த காற்று கனத்துக் கீழே விழுந்து, தரையில் மோதி நாலா பக்கமும் பரவுகிறது. மழை இன்னும் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே இந்தக் காற்று உங்கள் படகை எட்டிவிடும்.

அது வரும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் இலைகூட அசையாத புழுக்கம். பிறகு அதுவரை வீசிய திசைக்கு மாறான திசையிலிருந்து சில்லென்று ஒரு காற்று. அந்தக் குளிர்ச்சியில் எல்லோரும் கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்குவார்கள். உண்மையில் அது கரைக்குத் திரும்ப வேண்டிய கடைசி நேரம். தூரத்தில் தண்ணீர்மேல் கறுப்பாக ஒரு கோடு நகர்ந்து வருவது தெரிந்தால் கையில் இருப்பது சில நிமிடங்கள், சில சமயம் அதுகூட இல்லை.

மிதி படகு மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 மீட்டர் திரும்பி வரக் காற்றில்லாத நேரத்திலேயே 10 நிமிடம் ஆகும். எதிர்க்காற்றில் அந்தக் கணக்கு உதவாது. மிதி படகின் மேற்கூரையும் உயர்ந்த பக்கச் சுவர்களும் காற்றை வாங்கிப் பாயாக வேலை செய்கின்றன. அலை எழும்பும்போது மிதிச் சக்கரம் பாதி நேரம் தண்ணீரைவிட்டு வெளியே சுழலும். இரண்டு பேர் முழு மூச்சாக மிதித்தாலும் படகு பின்னாலேயே போகும்.

ஏறின இடத்துக்கே திரும்பப் போராடுவது

காற்று பிடித்துவிட்டால் படகு இல்லத்தை மறந்துவிடுங்கள். எந்தக் கரை பக்கத்தில் இருக்கிறதோ அங்கே ஒதுங்குங்கள். எதிர்க்காற்றில் மிதித்துக் களைப்பதைவிட, காற்று தள்ளும் பக்கமே பாறை இல்லாத இடமாகப் பார்த்துப் படகின் மூக்கைத் திருப்பி வைப்பது நல்லது. ஏற்காடு ஏரி சின்னது. எந்தக் கரையில் ஒதுங்கினாலும் நடந்தே வந்துவிடலாம். கட்டிய காசுக்கு நேரம் மிச்சமிருக்கிறது, படகை வேறு இடத்தில் விட்டால் திட்டுவார்கள் என்பதெல்லாம் கரைக்குப் போன பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஏரிக்கரையில் நின்று வானம் பார்ப்பது

ஏற்காடு ஏரியைச் சுற்றி மரமும் சரிவும். தலைக்கு மேலே ஒரு துண்டு வானம்தான் தெரியும். மேகம் மரத்துக்கு மேலே எட்டிப் பார்க்கும்போது அது ஏற்கெனவே வந்துவிட்டது. லேடீஸ் சீட் காட்சி முனைக்குப் போய்விட்டு ஏரிக்கு வருகிறவர்கள் அங்கேயே சமவெளி வானத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். காலிஃபிளவர் போலப் புடைத்து மேலே மேலே வளரும் மேகம், அதன் உச்சி தட்டையாக விரிந்திருந்தால், முதிர்ந்த இடிமேகம். அன்றைக்குப் படகு வேண்டாம். காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

கைபேசியில் 'தாமினி' செயலி இருக்கட்டும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. நீங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மின்னல் இருந்தால் காட்டும். 'அடுத்த 3 மணி நேரத்தில்' என்று வானிலை ஆய்வு மையம் விடும் எச்சரிக்கையில் மாவட்டத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டையும் படகில் ஏறும் முன்பே பார்க்க வேண்டும். நடுத்தண்ணீரில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பக் கூடாது.

"இடி எங்கேயோ தூரத்துல இடிக்குது"

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எத்தனை விநாடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். 30 விநாடி என்றால் 10 கிலோமீட்டர். மழை பெய்கிற இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் இறங்கும் என்பதால் அதைத் தூரம் என்று சொல்ல முடியாது. இடிச் சத்தம் காதில் விழுந்தாலே நீங்கள் எல்லைக்குள் இருக்கிறீர்கள். திறந்த தண்ணீரில் உயரமான பொருள் நீங்கள்தான். ஃபைபர் படகு, ரப்பர் செருப்பு எதுவும் காப்பாற்றாது.

கரை சேரும் வரை படகின் நடுவில் குனிந்து உட்காருங்கள். கையைத் தண்ணீரில் விடாதீர்கள். அலுமினியத் துடுப்பு, நங்கூரச் சங்கிலி, தூண்டில் கோல், குடைக் கம்பி எதையும் தேவையில்லாமல் பிடித்திருக்க வேண்டாம்.

கரைக்கு வந்தவர்கள் செய்யும் அடுத்த தவறு, பக்கத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரத்தடியில் ஒண்டுவது. நாலு பக்கமும் திறந்த நிழற்கூரையும் பாதுகாப்பு இல்லை. கான்கிரீட் கட்டடத்துக்குள் போகலாம். கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருக்கலாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி தண்ணீர். நடுவில் ஒரு இடி கேட்டால் 30 நிமிடம் முதலிலிருந்து.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டுவது, பூட்டாமல் விடுவது

புழுங்குகிறது என்றும், படத்தில் நன்றாக இருக்காது என்றும் பூட்டைத் திறந்துவிடுகிறார்கள். தண்ணீரில் விழுந்ததும் அது தலை வழியே கழன்று மேலே மிதக்கும், ஆள் கீழே போவார். போட்டுப் பட்டைகளை இறுக்கிய பின், இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும். ஜாக்கெட் தாடையைத் தாண்டிக் காது வரை ஏறினால் அளவு பெரிது, அல்லது பட்டை தளர்வு. பெரியவர்களின் ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போட்டு இரண்டு முடிச்சு போடுவது வேலைக்காகாது. குழந்தை அளவு இல்லை என்றால் குழந்தையை ஏற்றாதீர்கள். உறை கிழிந்த ஜாக்கெட், பிழிந்தால் தண்ணீர் சொட்டும் ஜாக்கெட் என்றால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பரிசலில் அதை மெத்தையாகப் போட்டு உட்காருவதும் கூடாது. உள்ளிருக்கும் நுரை அமுங்கி மிதக்கும் சக்தி குறைந்துவிடும்.

மேட்டூரைச் சின்ன ஏரியாக நினைப்பது

120 அடி நிரம்பி நிற்கும்போது அதன் நீர்ப்பரப்பு சுமார் 150 சதுர கிலோமீட்டர். அலையின் உயரம் காற்றின் வேகத்தை மட்டும் பொறுத்ததில்லை. காற்று தடையில்லாமல் தண்ணீர்மேல் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதையும் பொறுத்தது. காற்று புறப்படும் கரையில் நிற்கிறவருக்குத் தண்ணீர் அமைதியாகத் தெரியும். அலை எதிர்க்கரையில்தான் பெரிதாக அடிக்கும். "இங்கே ஒன்றும் இல்லையே" என்று துறையை விட்டுக் கிளம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

பரிசல் அலைமேல் ஏறி இறங்கும், சுலபத்தில் உடையாது. ஆனால் தட்டையான வட்ட அடி என்பதால் காற்றில் சுழன்றுகொண்டே போகும். எல்லோரும் அடித்தளத்தில், எடை சமமாக உட்கார வேண்டும். அலை உள்ளே அடித்தால் உடனே இறைக்கத் தொடங்க வேண்டும். 4 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் உள்ள படகில் 5 செ.மீ. தண்ணீர் நின்றால் அது 200 லிட்டர், அதாவது 200 கிலோ. அந்த எடை ஓரிடத்தில் நிற்காது. படகு சாயும் பக்கமெல்லாம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். ஆட்கள் ஒரே பக்கம் திரண்டாலும் இதேதான். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில், பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்ததும் ஒன்று. அன்றைக்குப் புயல்கூட இல்லை.

மோட்டார் படகில் அலையைப் பக்கவாட்டில் வாங்கக் கூடாது. வேகத்தைக் குறைத்து, முன்பக்கம் அலைக்கு ஏறக்குறைய 45 டிகிரி சாய்வாக இருக்கும்படி ஓட்டுங்கள். குலுக்கலில் எரிபொருள் தொட்டியின் அடியில் கிடக்கும் கசடு கிளம்பி ஃபில்டரை அடைப்பதால்தான் என்ஜின் நல்ல நேரம் பார்த்து நிற்கிறது. தொட்டியைச் சுத்தம் செய்வது கோடை தொடங்கும் முன் முடிக்க வேண்டிய வேலை. என்ஜின் நின்றால் ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி முன்பக்கத்திலிருந்து தண்ணீரில் விடுங்கள். அது இழுத்துப் பிடித்து, படகின் மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பி வைக்கும்.

பாசனத்துக்குத் தண்ணீர் விட்டு மட்டம் இறங்கிய மாதங்களில் இன்னொரு சிக்கல்: போன மாதம் படகு ஒதுங்கிய இடம் இப்போது சேறு. முழங்காலுக்கு மேல் புதைகிற வண்டலில் அவசரமாகக் குதிக்காதீர்கள். துடுப்பால் ஊன்றிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கவிழ்ந்த பிறகு

நீச்சல் தெரியும் என்று கரையை நோக்கி நீந்தாதீர்கள். கவிழ்ந்த படகு பெரும்பாலும் மிதக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, முடிந்தால் மேலே ஏறிப் படுத்துக்கொண்டு, குரல் கொடுங்கள். தேடி வருகிறவர் கண்ணுக்குத் தலையைவிடப் படகு சீக்கிரம் தெரியும்.

தண்ணீரிலிருந்து எடுத்தவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் இன்னும் நடக்கிறது. அதனால் நுரையீரலில் போன தண்ணீர் வராது. வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயை அடைக்கும், பொன்னான நிமிடங்களும் போய்விடும். மூச்சு இல்லை என்றால் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடருங்கள். கூட இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். மின்னல் தாக்கியவருக்கும் இதேபோல நெஞ்சழுத்தமும் மூச்சும்தான். அவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது, தயங்காமல் தொடலாம்.

தண்ணீர் குடித்து இருமிவிட்டு, "நல்லாத்தான் இருக்கேன்" என்று எழுந்து உட்காருகிறவரையும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணற வைக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாமல், ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதலில் காட்டிவிடுங்கள்.