கதிர்வீச்சு எடுக்கும் பெரியவர்களின் ரத்த ரிப்போர்ட்டைப் பார்ப்பது எப்படி?

வீட்டில் வயதான அப்பாவோ அம்மாவோ புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்கிறார்களா? அடிக்கடி எடுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு நின்றுவிடாதீர்கள். வெள்ளையணுக்களில் எந்த வகை எத்தனை சதவீதம் என்று காட்டும் டிஃபரன்ஷியல் கவுண்டில், நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் என்று இரண்டு வகைகள் இருக்கும்; நியூட்ரோஃபில் எண்ணை லிம்ஃபோசைட் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 72, 12 என்றால் விகிதம் 6. சிகிச்சைக்கு முன்பே இது அதிகமாக இருந்தவர்கள் சராசரியாகக் குறைந்த காலமே வாழ்ந்ததாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன, ஆனால் அது கூட்டத்தின் கணக்கு, உங்கள் அப்பாவின் தலையெழுத்து இல்லை.

அப்புறம் லிம்ஃபோசைட்டின் மொத்த எண்ணிக்கை. மொத்த வெள்ளையணு 5000, அதில் 12 சதவீதம் என்றால் 600. கதிர்வீச்சை மிகக் குறைவாகத் தாங்கும் அணுக்களில் இதுவும் ஒன்று, வயதானவர்களுக்குத் திரும்ப ஏறவும் நாளாகும், அதனால் 1000-க்குக் கீழே போனால் குறித்துவையுங்கள், 500-க்குக் கீழே என்றால் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

ஒன்று முக்கியம்: டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு, சளி, சிறுநீர்த் தொற்று எதுவும் இந்த விகிதத்தை ஏற்றிவிடலாம். ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படாமல், தேதி போட்டு ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வையுங்கள், மாத்திரைகளையும் பக்கத்திலேயே. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அடுத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்கு போன் செய்யுங்கள்.