வீட்டுச் செடியில் செம்பேன்: மருந்தைவிட நாள்கணக்கு முக்கியம்

மாவுப்பூச்சி வந்தால் வெள்ளையாகப் பஞ்சு பஞ்சாக ஒட்டிக்கொண்டு தானே காட்டிக்கொடுத்துவிடும். செம்பேன் அப்படியில்லை. அரிக்கா பாம், அலோகேசியா, குரோட்டன்ஸ் போன்றவற்றின் இலை மெல்லப் பளபளப்பு இழக்கும். ஊசி முனையால் குத்தியதுபோல் வெளிறிய புள்ளிகள் வரும். பலரும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். நூலாம்படை கண்ணில் படும் வேளையில் குடித்தனம் பெருகிப் பல தலைமுறை ஆகியிருக்கும்.

பெயரில் பேன் இருந்தாலும் இது பூச்சி இனம் அல்ல. எட்டுக்கால், சிலந்தியின் உறவு, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான உடம்பு. சிவப்பாகத்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. வீட்டுச் செடிகளில் அதிகம் தொல்லை தரும் இருபுள்ளிச் சிலந்திப்பேன் வெளிர்மஞ்சளாகவோ பச்சையாகவோ இருக்கும், இரு பக்கமும் கரும்புள்ளி.

சந்தேகம் வந்தால் இலைக்கடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, இலையை இரண்டு மூன்று தட்டுத் தட்டுங்கள். ஒரு நிமிடம் தாளையே பாருங்கள். தூசி கிடந்த இடத்தில் கிடக்கும், செம்பேன் நகரும். விரலால் தேய்த்தால் பச்சையாகவோ செந்நிறமாகவோ கோடு விழும். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் இலையின் அடிப்பக்கம், நடுநரம்பை ஒட்டிய பகுதியைப் பாருங்கள். கண்ணாடிமணி போன்ற உருண்டை முட்டைகளும் உரித்துப்போட்ட வெள்ளைத் தோல்களும் தெரியும்.

உறுதியானதும் செய்யவேண்டிய முதல் வேலை, அந்தத் தொட்டியைத் தனியே கொண்டுபோய் வைப்பது. இலையோடு இலை உரசினாலே செம்பேன் தாவிவிடும். சட்டை, கை, துடைத்த துணி எல்லாமே அதற்கு வாகனம். நூலைப் பிடித்துக்கொண்டு காற்றிலும் போகும், ஆகவே சீலிங் ஃபேனுக்கு நேர்கீழே வைக்காதீர்கள். பக்கத்தில் இருந்த செடிகள் நன்றாகத் தெரிந்தாலும் அவற்றையும் தாளில் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து கழுவுதல். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும், ஆனால் சோம்பல்படுவதும் இங்கேதான். பாதிக்குமேல் மஞ்சளான இலைகளை வெட்டி, பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சிட்டுக் குப்பைக்கு அனுப்புங்கள், உரக்குழியில் போடவேண்டாம். தொட்டியின் வாயை இன்னொரு கவரால் மூடித் தண்டைச் சுற்றிக் கட்டினால் மண் நனைந்து வேர் அழுகாது. செடியைக் குளியலறையில் சாய்த்துப் பிடித்து, ஹேண்ட் ஷவரால் ஒவ்வொரு இலையின் அடிப்பக்கத்தையும் கழுவுங்கள். இலை கிழியாத அளவு வேகம் போதும். அலோகேசியா மாதிரி அகல இலை என்றால் ஈரத்துணியால் நரம்போரமாகத் துடைக்கலாம். அரிக்கா பாமில் ஓலையின் மடிப்பு வழியே விரலை ஓட்டித் தேய்க்கவேண்டும். செடி படர்வதற்கு நட்ட தேங்காய்நார்க் கம்பத்தையும் கழுவ மறக்காதீர்கள். ஒளிய அதைவிட வசதியான இடம் கிடையாது.

இலை உலர்ந்தபின் தெளிப்பு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி பொட்டாசியம் சோப்புக் கரைசல் (செடிக்குத் தெளிக்கவென்றே விற்கும் திரவச் சோப்பு). எண்ணெயை நேராகத் தண்ணீரில் விட்டால் மேலே மிதக்கும். பிறகு ஓரிலையில் வெறும் தண்ணீரும் இன்னோரிலையில் வெறும் எண்ணெயும் விழுந்து அந்த இலை கருகும். அதனால் எண்ணெயையும் சோப்பையும் முதலில் நன்றாக அடித்துக் கலந்து, வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் விட்டு, பால்போல் வெளுத்தபின் மீதியைச் சேருங்கள். கலந்தது அன்றைக்கே தீரவேண்டும், பாட்டிலில் வைத்தால் வீரியம் போய்விடும். பாத்திரம் கழுவும் திரவத்தைச் சோப்புக்குப் பதிலாக ஊற்றவேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் அதே குணம் இலையின் மெழுகுப் பூச்சையும் எடுத்துவிடும்.

தண்ணீரும் ஒரு விஷயம். போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து வெள்ளையாகப் படியும். கொல்லும் வேலை நடக்காது. மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைத் துணியில் வடிகட்டினால் அதுவும் சரிதான்.

முதலில் கொஞ்சமாகக் கலந்து ஒரே ஓரிலையில் தெளித்து 24 மணிநேரம் பாருங்கள். பெரணி, கலாத்தியா போன்ற மெல்லிலைச் செடிகளுக்கு எண்ணெய் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மண் காய்ந்து வாடி நிற்கும் செடிக்கு முந்தினநாளே தண்ணீர் ஊற்றிவிட்டுத் தெளியுங்கள். நேரம் மாலை. ஃபேனை நிறுத்திவிட்டு, அடிப்பக்கம் சொட்டச் சொட்ட நனையும்வரை தெளிக்கவேண்டும். இந்த மருந்து பேனின்மேல் பட்டால்தான் வேலை செய்யும், இலைக்குள் ஊடுருவிப் பாதுகாப்பதெல்லாம் இல்லை.

இப்போது நாள்கணக்கு. சுமார் 30 டிகிரி வெப்பத்தில் முட்டை மூன்று நாளில் பொரியும், ஒரு வாரத்தில் குஞ்சு தானே முட்டையிடத் தயார். ஒரு பெண் பேன் வாழ்நாளில் நூறு முட்டைக்கு மேலும் இடும். ஆண் சேராவிட்டாலும் இடும், அவை ஆணாகப் பொரியும். சோப்பு முட்டையைக் கொல்லாது. எண்ணெய்ப் படலம் சிலவற்றை மூச்சடைக்க வைக்கும், எல்லாவற்றையும் அல்ல. எனவே முதல் தெளிப்பில் தப்பிய முட்டைகள் பொரிந்தபிறகு, அவை முட்டையிடும் முன், அடுத்த தெளிப்பு விழவேண்டும். கோடையில் 4 நாளுக்கு ஒருமுறை, 24 டிகிரி ஏசி அறையில் 6 நாளுக்கு ஒருமுறை, குறைந்தது நான்கு தடவை. இரண்டாவது தெளிப்போடு "போய்விட்டது" என்று நிறுத்துபவர்கள்தான் மாதக்கடைசியில் மறுபடி வந்து மருந்து சரியில்லை என்பார்கள்.

கடையில் கேட்டதும் எடுத்துக்கொடுக்கும் பூச்சிமருந்து பெரும்பாலும் உதவாது. இமிடாகுளோபிரிட் இதன்மேல் வேலை செய்யாது. பைரெத்ராய்டு வகைகள் செம்பேனைத் தின்னும் நல்ல பேன்களைக் கொன்று, இதைப் பெருகவிடும். நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத்தூள்) 80 சதம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து பால்கனியில் அடிக்கலாம்தான். ஆனால் 32 டிகிரி தாண்டினால் அது இலையைச் சுடும், எண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகியிருக்கவும் வேண்டும். சித்திரை வெயிலில் நினைக்கவே வேண்டாம். வயலுக்கு உரிய செம்பேன்கொல்லிகளை வீட்டுக்குள் தெளிப்பதும் கூடாது. குழந்தை, பூனை, மீன்தொட்டி எல்லாம் இருக்கும் இடம்.

அவ்வப்போது தண்ணீரைத் தூவினால் செம்பேன் வராது என்பார்கள். வறண்ட காற்றும் தூசியும் அதற்குப் பிடிக்கும் என்பது உண்மை, ஆனால் ஸ்ப்ரே பாட்டில் ஈரம் அரைமணியில் காய்ந்துவிடும். அதைவிட ஏசி காற்று நேராக வீசாத இடத்துக்கு மாற்றுவதும், வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கம் துடைப்பதும் பலன் தரும். தழைச்சத்து உரத்தையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள், கொழுத்த இளந்தளிர் பேனுக்கு விருந்து.

அலோகேசியாவில் எல்லா இலையும் போய்விட்டால் மொத்தமாக வெட்டிவிடுங்கள். கிழங்கு கெட்டியாக இருந்தால் புது இலை வரும். அரிக்கா பாம் வெட்டிய இடத்தில் துளிர்க்காது. அதில் நடுக்குருத்து மட்டும் பச்சையாக மிஞ்சியிருந்தால் காப்பாற்றப் பாருங்கள், குருத்தும் பழுத்துவிட்டால் தூக்கிப்போடுவதே மற்ற செடிகளுக்கு நல்லது.

கடைசித் தெளிப்புக்குப் பிறகு இரண்டு வாரம் தனியாகவே இருக்கட்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை தாளில் தட்டிப் பாருங்கள். பழைய புள்ளிகள் மறையாது. புதிதாக விரியும் இலை சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் கணக்கு. நர்சரியிலிருந்து வரும் புதுச் செடிக்கும் இதே இரண்டு வாரம், இதே தாள்.