டெத் கேப் காளான் மாதிரிகள்: பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செடியை அழுத்திக் காயவைத்தால் இலையின் வடிவமாவது மிஞ்சும். காளான் காய்ந்தால் நிறமும் மணமும் போய், சுருங்கிய வற்றலாகிவிடும். அப்புறம் அதைப் பற்றி அறிய அதனுடன் இருக்கும் சீட்டைத்தான் நம்ப வேண்டும். அதனால்தான் ஹெர்பேரியத்துக்கு, அதாவது காயவைத்த மாதிரிகளைப் பாதுகாக்கும் காப்பகத்துக்கு, காளான் சேகரிப்பவர்கள் செய்யும் சின்னத் தவறுகூட எனக்குப் பெரிதாகப் படுகிறது. டெத் கேப் என்ற கொடிய நச்சுக் காளானையே, அதாவது அமனிட்டா ஃபல்லாய்டெஸையே, எடுத்துக்கொள்வோம்.

கையால் பிடுங்காதீர்கள். தண்டின் அடியில் கிண்ணம் போல் ஓர் உறை இருக்கும். இழுத்தால் அது மண்ணிலேயே நின்றுவிடும். இந்த இனத்தைக் காட்டும் முக்கிய அடையாளமே அதுதான். கத்தியால் மண்ணோடு தோண்டி எடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகும், காகிதத்தில் சுற்றுங்கள். தொப்பியின் நிறத்தையும் மணத்தையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். காயவைக்க 40 டிகிரி செல்சியஸ் அளவில் காற்றோட்டமுள்ள சூடு போதும், அதிகம் சூடாக்கினால் மாதிரி வெந்துவிடும். உணவுப்பொருள் காயவைக்கும் கருவியை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. காய்ந்தாலும் வெந்தாலும் இதன் அமாடாக்சின் நஞ்சு அழியாது.

வாழிடம் என்ற இடத்தில் 'காடு, தரை' என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. இந்தக் காளான் மரவேர்களோடு கூட்டாக வாழ்வது. பக்கத்தில் நிற்பது ஓக்கா, பைனா என்பதைச் சொல்ல வேண்டும். அருகருகே முளைத்த இரு வேறு இனக் காளான்களை ஒரே சேகரிப்பு எண்ணில் சேர்ப்பதும் தவறு.

பெயர் விஷயத்தில்தான் அதிகக் கவனம் தேவை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் டெத் கேப் என்று நினைத்துவந்த ஒரு காளானை 1918இல் அமெரிக்கக் காளான் ஆய்வாளர் அட்கின்சன், அமனிட்டா புருனெசென்ஸ் என்று தனி இனமாகப் பிரித்தார். ஆகவே அந்தப் பகுதியின் பழைய சீட்டுகளில் உள்ள பெயரை மட்டும் பார்த்து 'டெத் கேப் அப்போதே அங்கே இருந்தது' என்று முடிவு செய்ய முடியாது. மாதிரியைத் திறந்து பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவுக்கு டெத் கேப் வெளியிலிருந்து வந்த இனம் என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியதற்கு, மரபணு ஒப்பீட்டோடு 1938 முதல் சேர்த்துவைத்த மாதிரிகளும் உதவின. பெயர் தவறு என்று தெரிந்தால் பழைய சீட்டை அடிக்கவோ கிழிக்கவோ வேண்டாம். புதிய பெயர், தீர்மானித்தவர், தேதி மூன்றையும் தனிச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள்.

தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 3/4 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று பிறகு யார் சொல்வது? தரவுத்தளத்தில் ஏற்றும்போது, மேற்குத் தீர்க்கரேகையைக் காட்டும் கழித்தல் குறி விடுபட்டால், சான் பிரான்சிஸ்கோவில் எடுத்த காளான் மஞ்சள் கடலில் போய் நிற்கும். பழைய சீட்டில் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால், ஊர் நடுவில் புள்ளி வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கக் கூடாது, எத்தனை கிலோமீட்டர் பிசகலாம் என்பதையும் சேர்க்க வேண்டும். இன்னொன்று: ஒரே மாதிரியின் பகுதிகள் பல ஹெர்பேரியங்களுக்குப் போயிருக்கலாம். எண்ணும் முன் சேகரித்தவர் பெயரையும் சேகரிப்பு எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் ஒரு காளான் மூன்றாகக் கணக்கில் ஏறும்.