கருந்துளை நிறமாலையில் சறுக்கும் இடங்கள்

கருந்துளையின் அருகிலிருந்து வரும் எக்ஸ் கதிரைச் சக்தி வாரியாகப் பிரித்து வரைந்ததுதான் நிறமாலை. அதை வாசிக்கும்போது சறுக்கும் இடங்கள் சிலதைப் பார்ப்போம். ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் திருகோணமலையில் முகில் இல்லாத இரவு ஒன்றைப் பிடியுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் முன்னிரவில் வடக்கே அண்ணாந்தால் சிக்னஸ் எனும் அன்ன நட்சத்திரக் கூட்டம் நல்ல உயரத்தில் தெரியும். அதன் கழுத்தோரம்தான் சிக்னஸ் எக்ஸ்-1 இருக்கிறது. சுமார் 7,200 ஒளியாண்டு தூரத்தில், சூரியனைப் போல் ஏறத்தாழ 21 மடங்கு திணிவுள்ள கருந்துளை. சின்னத் தொலைகாட்டியை வைத்துக்கொண்டு "கண்டிட்டன்" என்று துள்ளும் பொடியன்மார் பார்த்தது அதன் துணை நட்சத்திரத்தை. கருந்துளைப் பக்கமிருந்து வரும் எக்ஸ் கதிரை வளிமண்டலம் விழுங்கிவிடும். அதனால்தான் 1970இல் உகுரு செய்மதியை மேலே அனுப்ப வேண்டி வந்தது.

அந்தக் கதிரும் கருந்துளைக்குள்ளிருந்து வருவதில்லை. உள்ளே விழப்போகும் வாயு சுற்றிச் சுற்றித் தட்டாகி, சூடாகி, வெளியே நின்றபடி விடும் ஒளி அது. தட்டு முழுவதற்கும் ஒரே வெப்பநிலையைப் போட்டுக் கணக்குப் பார்ப்பது மாணவர்கள் வழக்கமாக விடும் பிழை. கன்னியாவில் ஏழு கிணறும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் சூடு ஒன்றுக்கொன்று வேறு அல்லவா? இங்கேயும் வளையத்துக்கு வளையம் வேறு, உள்ளே போகப் போகக் கூடும். விண்மீன்திரள்களின் நடுவில் உள்ள இராட்சதக் கருந்துளைகளில் கதை இன்னும் மாறும். அங்கே தட்டு பெரும்பாலும் புறஊதாவில்தான் ஒளிரும். எக்ஸ் கதிரின் பெரும்பகுதி தட்டின் உட்பகுதியை ஒட்டியுள்ள நூறு கோடிப் பாகை அளவிலான, கொரோனா எனும் கொதிக்கும் வாயுப் பகுதியிலிருந்து வருகிறது.

சரி, இரும்புக்கு வருவோம். ஆட்கள் அதிகம் விழுவது இங்கேதான். கொரோனாவின் கதிர் தட்டில் பட, இரும்பு அணுக்கள் 6.4 கிலோ இலத்திரன் வோல்ட் (ஒளியின் சக்தியை அளக்கும் அலகு) அளவில் நிறமாலையில் ஒரு கோடு விடும். ஆனால் 6.4 என்பது இலத்திரன்களை அவ்வளவாக இழக்காத இரும்புக்கு. இரண்டு இலத்திரன் மட்டும் மிஞ்சினால் 6.7, ஒன்றே மிஞ்சினால் 6.97. இதைப் பார்க்காமல் 6.97இல் உள்ள கோட்டை 6.4 நகர்ந்து வந்தது என்று வைத்தால் என்ன ஆகும்? சும்மா நிற்கும் வாயு விநாடிக்கு 25,000 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கிப் பாய்வதாக விடை வரும்! கல்குலேட்டர் அதை மறுப்பேதும் சொல்லாமல் காட்டும்.

கோடு குறைந்த சக்திப் பக்கம் வாலாக இழுபடுவதை முழுக்க ஈர்ப்பின் கணக்கில் எழுதுவதும் அதே மாதிரித்தான். சுழலாத கருந்துளைக்கு மிகக் கிட்டவுள்ள நிலையான சுற்றுப்பாதையை எடுங்கள். ஈர்ப்பு மட்டும் என்றால் 6.4 குறைந்து 5.2 ஆகும். ஆனால் அங்கே வாயு ஒளியின் பாதி வேகத்தில் ஓடுகிறது. ஓட்டத்தால் வரும் நேரத் தாமதத்தையும் சேர்த்து, தட்டை நேர் மேலிருந்து பார்த்தால் 4.5. சாய்வாகப் பார்த்தால், ஓடும் திசைக்கேற்ப ஒளி மாறும் டொப்ளர் விளைவும் சேர்ந்து, நம் பக்கம் வரும் பாதி பிரகாசமாகவும் விலகும் பாதி மங்கலாகவும் தெரியும். அஸ்கா செய்மதி எம்சிஜி-6-30-15 விண்மீன்திரளில் கண்டு 1995இல் வெளியான அகன்ற கோடு இப்படித்தான் ஒருபக்கம் இழுபட்டிருந்தது.

அப்புறம், கருந்துளை வேகமாகச் சுழன்றால் தட்டு இன்னும் உள்ளே வரை போகும், வாலும் நீளும். அதற்காக வால் நீண்டிருக்கிறது என்றவுடனேயே "வேகமாகச் சுழல்கிறது" என்று தீர்ப்பு எழுத வேண்டாம். குறுக்கே நிற்கும் வாயு மேகங்கள் ஒளியில் ஒரு பகுதியை மறைத்தாலும் கிட்டத்தட்ட அதே வளைவு வரலாம். கோட்டுக்கு அடியில் உள்ள தொடர் நிறமாலையைக் கொஞ்சம் மாற்றி வரைந்தாலே வால் நீளும், சுருங்கும். 2 முதல் 10 கிலோ இலத்திரன் வோல்ட் வரை மட்டும் பார்த்துக்கொண்டு இந்தச் சண்டையைத் தீர்ப்பது கஷ்டம். 10க்கு மேலும் தெளிவாகப் பார்க்கக்கூடிய நூஸ்டார் செய்மதியின் தரவையும் சேர்த்து 2013இல் என்ஜிசி 1365 விண்மீன்திரளை ஆராய்ந்தவர்கள், தட்டில் பட்டுத் திரும்பிய ஒளி என்ற விளக்கமே பொருந்துகிறது என்று முடிவு செய்தார்கள். என் பார்வையில், அகலமான சக்தி வீச்சு இல்லாத சுழற்சி அளவீடு எதையும் ஒரு சந்தேகக் கண்ணோடுதான் வாசிக்க வேண்டும்.

புதிதாகத் தரவு இறக்குபவர்களுக்கு ஒன்று. 2023இல் ஏவப்பட்ட ஜப்பானின் எக்ஸ்ரிசம் செய்மதியில் உள்ள கருவி சுமார் 5 இலத்திரன் வோல்ட் வித்தியாசத்தையே பிரித்துக் காட்டும்; கமராக்களில் உள்ளது போன்ற சிசிடி உணரி வைத்த பழைய கருவிகளுக்கு அதே இடத்தில் நூற்றுக்கு மேல் வேண்டும். ஆனால் அந்தக் கருவிக்கு முன்னுள்ள கதவு திட்டமிட்டபடி திறக்கவில்லை. அதனால் 1.7 கிலோ இலத்திரன் வோல்ட்டுக்குக் கீழே தரவு கிட்டத்தட்ட வெறுமை. அங்கே ஒளியைக் காணோம் என்று உறிஞ்சும் மேகம் எதையும் தேடிப் போகாமல், அந்தப் பகுதிக்கு எக்ஸ்எம்எம்-நியூட்டன் செய்மதியின் தரவைச் சேர்த்துப் பாருங்கள்.