பழைய ஃபாக்டரி, குடோன கம்யூனிட்டி ஸ்பேஸா மாத்துறப்போ பண்ணக்கூடாத தப்புங்க

மூடிக்கிடந்த ஃபாக்டரி, குடோன், ரயில் ஷெட்டையெல்லாம் லைப்ரரியாவோ பார்க்காவோ மாத்துறது ரொம்ப நல்ல விஷயம். ஆனா வரலாறுங்குற பேச்சே பெரும்பாலும் பெயிண்டிங் எல்லாம் முடிஞ்சப்புறம், சுவத்துல என்ன மாட்டலாம்னு யோசிக்கிறப்போதான் வருது. மத்த தப்பெல்லாம் இதுலேர்ந்துதான் கிளம்புது.

ஏன்னா அதுக்குள்ள கான்ட்ராக்டர் எல்லாத்தையும் கிளீன் பண்ணி முடிச்சிருப்பாரு. சுவத்துல எழுதியிருந்த மெஷின் நம்பர், ஷிஃப்ட் போர்டு, ஆளுங்க ஏறி எறங்கியே தேஞ்ச படிக்கட்டு, இதெல்லாம் ஒரே நாள்ல போயிரும், திரும்ப வராது. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரூம் ரூமா போட்டோ எடுத்து, எது எங்க இருந்துச்சுன்னு பிளான்ல குறிச்சு வெச்சிருங்க (கெமிக்கல் கறை இருந்தா மட்டும் டெஸ்ட் பண்ணாம விட்டு வெக்காதீங்க). நியூயார்க் ஹை லைன் பார்க், 1934லேர்ந்து 1980 வரைக்கும் சரக்கு ரயில் ஓடுன மேம்பாலம், அங்க தண்டவாளத்த கழட்டுறப்பவே துண்டு துண்டா அடையாளம் போட்டு வெச்சாங்க, அதனாலதான் செடி நடுறப்போ நெறைய துண்டுங்கள பழைய எடத்துலயே திரும்பப் போட முடிஞ்சுது.

அடுத்தது, ஓனர் பேரு, கட்டுன வருஷம், திறந்து வெச்சவர் பேருன்னு ஒரு கல்வெட்டோட முடிச்சுக்கிறது. அங்க வேலை பாத்தவங்க எங்க? விபத்து, ஸ்ட்ரைக், மூடுனப்போ வேலை போனது, எல்லாத்தையும் "எதுக்கு நெகட்டிவா"ன்னு விட்டுர்றாங்க. வாழ்க்கையவே அங்க ஓட்டுனவங்க உள்ள வந்து பாத்தா அவங்கள பத்தி ஒரு வரி கூட இருக்காது, எனக்கு இது ரொம்ப வருத்தமா இருக்கும். அவங்களுக்கு வயசாயிட்டே இருக்கு, பேட்டிய தள்ளிப்போடாதீங்க. ஆபீஸ்ல உக்கார வெச்சு கேக்காம கட்டடத்துக்குள்ள கூட்டிட்டுப் போய் கேளுங்க, எங்க நின்னாங்க, மெஷின் சத்தத்துல எப்படி கைஜாடையில பேசிக்கிட்டாங்கன்னு தானா வரும். பேரும் குரலும் பயன்படுத்த அனுமதி வாங்கிருங்க.

இப்ப அங்க யாரு வர்றாங்கன்னு பாக்காம வேலைய ஆரம்பிக்கிறதும் தப்புதான். பிரேசில்ல இருக்குற சாவோ பாலோல டிரம் (பீப்பாய்) செஞ்ச ஒரு ஃபாக்டரி, 1982ல அத செஸ்க் பொம்பேயாங்குற கலாச்சார, பொழுதுபோக்கு மையமா திறந்தாங்க, அதோட ஆர்க்கிடெக்ட் லீனா போ பார்டி முன்னாடியே அங்க போனப்போ பழைய ஷெட்டுல பசங்க ஓடி விளையாடுறத, குடும்பமா கூடி சமைக்கிறதப் பாத்துட்டு, இந்த சந்தோஷம் அப்படியே தொடரணும்னு நெனச்சுதான் டிசைனே பண்ணாங்க. செங்கல் ஷெட்டுங்கள இடிக்கல.

வேற எங்கேயோ வாங்குன பழைய சக்கரம், விளக்க மாட்டி வரலாறுன்னு காட்டவே காட்டாதீங்க.

போர்டுல தப்பு இருந்தா சொல்ல ஒரு போன் நம்பர் அதுலயே போடுங்க, வர்ற திருத்தத்தையும் புது போட்டோவையும் சேக்க ஒருத்தர பொறுப்பா போட்டுருங்க, திறப்புவிழாவோட அந்த வேலை நிக்கக்கூடாது.