கூழிலும் மோரிலும் வெயில் காலத்தில் செய்யக் கூடாத தவறுகள்

மாசி முடிந்தால் ஈரோடு–பெருந்துறை ரோட்டில் புதுக் கூழ் வண்டிகள் வந்துவிடும். நானும் அங்கே 12 வருடமாக வண்டி போடுகிறேன். புதிதாக வருகிற பையன்கள் நான் அன்றைக்குச் செய்ததையே செய்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. கலர் குடிக்காதீர்கள், பஜ்ஜி தின்னாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

ஐஸ் பாரை உடைத்து மோரில் போடுவது

இந்தப் பங்குனியில் எனக்கு நாலு கடை தள்ளி, புளியமரத்தடியில் ஒரு பையன் வண்டி போட்டான். ஐஸ் பாரைச் சாக்கோடு தரையில் வைத்துச் சுத்தியலால் உடைத்தான். கையில் அள்ளி மோர் அண்டாவில் போட்டான். சாக்கு நார் ஒன்று மோரில் மிதந்தது. போய்ச் சொன்னேன்.

"ஏனுங்கண்ணா, அத்தனை குளிர்ல கிருமி செத்துப் போயிருமில்லீங்க?"

"சாகாது கண்ணு. ஒடுங்கிக் கெடக்கும். மோர்ல கரைஞ்சா எந்திரிச்சுக்கும்."

நானும் இரண்டாம் வருடம் அப்படித்தான் நினைத்தேன். மீன் லோடுக்கு ஐஸ் போடுகிற ஒரு இடத்தில் மலிவாகக் கிடைத்தது, வாங்கினேன். மூன்றாம் நாள் பக்கத்துத் தறிப்பட்டறையில் நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு. அதில் ஒரு பையனுக்கு இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவன் அம்மா வண்டிக்கு முன்னால் வந்து நின்று ஒன்றும் பேசாமல் பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கோடை முழுக்க பட்டறை ஆட்கள் ஒருத்தரும் வரவில்லை. மிச்சம் பிடித்தது ஒரு நாளைக்குச் சில பத்து ரூபாய்தான்.

டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் ஐஸில் உயிரோடு இருக்கும். சாப்பிட உதவாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. நீலம் தெரிந்தால் அந்த வண்டியில் குடிக்காதீர்கள். வெள்ளையாக இருந்தாலும் எந்தத் தண்ணீரில் செய்தது என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் ஐஸ் போடாமல் வாங்குங்கள்.

குளிர்ச்சிக்கு மண்பானை போதும். பானையின் மேல் கசிகிற ஈரம் காய்ந்துகொண்டே இருப்பதால் உள்ளே குளிர்கிறது. நம் ஊர் வெயில் வறண்ட வெயில், கடலோரத்தைவிட இங்கே பானை நன்றாகக் குளிரும். புதுப் பானையை ஒரு நாள் தண்ணீரில் ஊறப் போட்டு, ஈர மணல் மேல் நிழலில் வைத்து, நனைத்த துணியைச் சுற்றுங்கள். ஐஸ் இருந்தே ஆக வேண்டுமென்றால் மூடிய மோர்த் தூக்கை ஐஸுக்குள் வையுங்கள். ஐஸ் வெளியே இருக்கட்டும், மோருக்குள் வேண்டாம்.

வெட்டி வைத்த தர்பூசணி

வாங்காதீர்கள். முழுப் பழமாக வாங்கிக் கழுவி, வீட்டில் வெட்டுங்கள்.

கம்பை நைசாக அரைப்பது

மாவாக அரைத்தால் பசை மாதிரி ஆகிவிடும். ரவை பதத்துக்கு உடைத்துக் காய்ச்சி, ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போடுங்கள். சித்திரையில் ஒரு ராத்திரி புளித்தால் போதும். மறுநாள் சாயங்காலம் மிஞ்சியதை மாட்டுக் கழுநீரில் ஊற்றிவிடுங்கள், அதை மறுபடி கரைத்து விற்காதீர்கள். அப்புறம், கூழ்தானே என்று சர்க்கரை நோய்க்காரர்கள் மூன்று சொம்பு குடிக்கிறார்கள். கம்பும் மாவுச்சத்துதான். ஒரு டம்ளர் குடித்தால் போதும்.

ஓ.ஆர்.எஸ். பொடியை ஒரு டம்ளரில் கரைப்பது

1 லிட்டருக்கான பொடியை ஒரு டம்ளரில் கொட்டிக் குழந்தைக்குக் கொடுத்த ஒரு அக்காவைப் பார்த்தேன். கெட்டியாக இருந்தால் சக்தி என்று நினைத்துவிட்டார். உப்பு மிஞ்சினால் அதுவே ஆபத்து. பெரிய பாக்கெட்டுக்கு 1 லிட்டர், சின்னதுக்கு 200 மில்லி. பாக்கெட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதே அளவு, காய்ச்சி ஆறிய தண்ணீரில். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

வெயில் ஏறின பின் தெளுவு (பதநீர்)

புளித்திருக்கும். காலையிலேயே குடித்துவிடுங்கள்.